தண்ணி ஊத்தியாச்சா?

“இன்னும் ஒரே ஒரு பரிந்துரைக் கடிதம்தான் பாக்கி மேடம்” என்றார் சொக்கநாதன். “உங்க கடிதம்.”

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஹெப்சிபா தலையைத் தூக்கவில்லை. மருந்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சொக்கநாதன் பல் டாக்டர். வயது முப்பத்தொன்பது. ஹெப்சிபா அவரைவிட நாலு வயது சின்னவர். செவ்வலூர் வட்டாரத்துக்கு அரசு மருத்துவ அலுவலர். ஆறு மாதமாக வாரத்தில் மூன்று நாள் தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, இவரிடம் வந்து சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தார் சொக்கநாதன். பொது சுகாதாரத்தில் மேற்படிப்புக்குப் போக வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

போன வருஷம் ஏழு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஏழும் பேசி வைத்துக்கொண்டதுபோல ‘வருந்துகிறோம்’ என்று எழுதின.

இந்த வருஷம் ஒரே இடம். அதுவும் இல்லையென்றால் இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அன்று செவ்வாய்.

“பல்லு என்ன பாவம் பண்ணுச்சு டாக்டர்?” என்றார் ஹெப்சிபா. “எதுக்கு இந்தப் படிப்பு?”

“வாய்ப்புண்ணுன்னு வர்றாங்க மேடம். வாயைத் திறக்கச் சொன்னா புற்று. புகையிலையை அடக்கி அடக்கி வந்தது. பன்னிரண்டு வருஷமா வாய்க்குள்ளேயே நின்னுட்டேன். வாசலுக்குப் போகணும்.”

ஹெப்சிபா பேனாவை மூடினார்.

“கட்டுரையைக் குடுங்க.”

ஏன் இந்தப் படிப்பு, இதுவரை என்ன செய்தீர்கள் என்று எண்ணூறு வார்த்தையில் எழுதித் தர வேண்டும். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள வேண்டும், ஆனால் புகழ்வதுபோலத் தெரியக் கூடாது. அந்தக் கொடுமையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, சொக்கநாதன் பிரமாதமாக எழுதியிருந்தார்.

ஹெப்சிபா முழுதும் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

‘நான் நேரில் சென்று விசாரித்த நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்றில்கூட அம்மை நோய் இல்லை.’

“இது செவ்வலூர் தெருக்கள்தானே?”

“ஆமா மேடம். மூணு வாரம் முன்னாடி நீங்க அனுப்பினீங்களே. கட்டுரையிலேயே அதுதான் மேடம் முக்கியமான இடம்.”

“என்ன கேட்டீங்க?”

“படிவத்துல இருக்கிறதைத்தான். ‘கடந்த மூன்று மாதங்களில் உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை நோய் ஏற்பட்டதா?’ படிவம் நானே தயார் பண்ணது.”

“எல்லாரும் இல்லைன்னாங்களா?”

“எல்லாரும்.”

“ஒருத்தர்கூட யோசிக்கலையா?”

“டக்குனு சொன்னாங்க மேடம்.”

ஹெப்சிபா எழுந்து செருப்பை மாட்டினார்.

“வாங்க, அப்படியே நடந்துட்டு வருவோம்.”

கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.  ஆனாலும் சொக்கநாதன் பின்னாலேயே போனார்.

செவ்வலூர் வடக்குத் தெரு. பத்து மணி வெயில்.

மூன்றாவது வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

“இது என்ன?” என்றார் ஹெப்சிபா.

“மாரியம்மன் கோவில் திருவிழா மேடம். நான் வந்தப்போ தெரு முழுக்கக் கட்டியிருந்தாங்க.”

“திருவிழா முடிஞ்சு?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

“இலை?”

சொக்கநாதன் பார்த்தார். இலை பச்சையாக இருந்தது. காலையில் ஒடித்தது.



ஹெப்சிபா படி ஏறவில்லை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு எட்ட நின்று குரல் கொடுத்தார்.

“அக்கா! தண்ணி ஊத்தியாச்சா?”

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முகத்தில் சந்தேகமோ பயமோ இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

“ரெண்டு தண்ணி ஆச்சும்மா. மூணாந் தண்ணி வெள்ளிக்கிழமை.”

“யாருக்கு?”

“சின்னவனுக்கு. மூத்தவளுக்குத் திருவிழா அப்பவே ஆத்தா வந்து இறங்கிட்டா. அவளை விட்டுட்டு இப்ப இவன்கிட்ட வந்துட்டா. வெளையாடிட்டுப் போகட்டும்.”

“உடம்பெல்லாம் முத்து நிறையவா?”

“மணலை வாரித் தெளிச்ச மாதிரி. கண்ணுதான் செவசெவன்னு கெடக்கு.”

ஹெப்சிபா விரல்விட்டு எண்ணினார். முதல் தண்ணி என்றைக்கு, அதற்கு முன் காய்ச்சல் என்றைக்கு, மூத்தவளுக்கு இறங்கியது என்றைக்கு. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் கிழமை சொன்னாள். எந்தப் படிவத்திலும் இத்தனை சுத்தமாகத் தேதி வந்ததில்லை.

அப்புறம்தான் அவள் சொக்கநாதனைப் பார்த்தாள்.

“அட, இவுக நம்ம பல் டாக்டர்ல! அன்னைக்கு வந்தாக.”

“என்ன கேட்டாரு?” என்றார் ஹெப்சிபா.

“வீட்டுல நோய் இருக்கான்னாக.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மூத்தவ உள்ளதான் படுத்திருந்தா. ஆத்தா வீட்டுல இருக்கும்போது நோய்னு நாக்குல பல்லுப் போட்டுச் சொல்லலாமாம்மா? இல்லைன்னுட்டேன். தப்பா?”

“தப்பில்லக்கா.”

சொக்கநாதனுக்கு முகம் சுண்டிப்போனது. ஒன்பது வயதில் அவருக்கே அம்மை போட்டிருக்கிறது. வெயிலில் வைத்த அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் மிதக்க, மூன்று தண்ணி ஊற்றித்தான் அவர் அம்மா அவரைத் தெருவில் விட்டாள். அந்த வீட்டில் யாராவது அதை நோய் என்று சொல்லியிருந்தால் அவள் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். எல்லாம் தெரியும். படிவம் எழுதும்போது மட்டும் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். அந்தத் தெருவில் மட்டும் ஆறு வீட்டில் அம்மை.

தெரு முனை வந்ததும் ஹெப்சிபா நின்றார்.

“பூஜ்யம்னு நீங்க குடுத்ததைப் பார்த்துட்டுத்தான் இந்த ஊருக்கு வர வேண்டிய தடுப்பூசி முகாமை அடுத்த ஊருக்கு மாத்திவிட்டேன். அந்தச் சின்னவனுக்கு அன்னைக்கே ஊசி போட்டிருக்கலாம்.”

சொக்கநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன கேட்டீங்கன்னு நானும் உங்களைக் கேட்கலை. அது என் தப்பு” என்றார் ஹெப்சிபா. போனை எடுத்து, மறுநாளே செவ்வலூரில் முகாம் என்று சொல்லி வைத்தார்.

“மேடம், கடிதம்...”

“வெள்ளிக்கிழமைதானே? பார்ப்போம்.”

அவர் போய்விட்டார்.

சொக்கநாதன் தெருவில் நின்றார். கோபம் கோபமாக வந்தது. படிவத்தின் மேல், தன் மேல், கொஞ்சம் ஹெப்சிபா மேலும். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவின் முதல் வீட்டு வாசலுக்குப் போனார்.

“அக்கா, தண்ணி ஊத்தியாச்சா?”

புதன் போனது. முகாமில் ஊசி போட வரிசை நின்றது; அவர் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார்.

வியாழன் மதியம் ஒரு வீட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தைக்கு மூச்சு இழுத்தது. விலா எலும்பு தெரியத் தெரிய இழுத்தது. தாய் அழுதுகொண்டிருந்தாள். மாமியார் நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்மா. இப்பவே” என்றார் சொக்கநாதன்.

“மூணாந் தண்ணி ஊத்தாம பச்சைப் புள்ள படி தாண்டக் கூடாது. ஆத்தாளை வீட்டுல விட்டுட்டு எங்கிட்டுப் போறது?”

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் நுரையீரல், கிருமி, நிமோனியா என்று ஆரம்பித்திருப்பார். வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“ஏன் விட்டுட்டுப் போகணும்? ஆத்தாளையும் கூட்டிக்கிட்டுப் போவோம். நீங்களும் வாங்க.”

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. சொக்கநாதன் பக்கத்து மரத்தில் வேப்பங்கொத்து ஒடித்து, படுக்கையைச் சுற்றிச் செருகினார். ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கிழவி பேரப்பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ராத்திரிக்குள் மூச்சு சீரானது என்று தகவல் வந்தது. சொக்கநாதன் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார். வெட்கப்படவெல்லாம் இல்லை, வாய்விட்டே அழுதார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கடைசி வீடு முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தெட்டு வீட்டில் ஆத்தா வந்திருந்தாள். சில வீடுகளில் இரண்டு பிள்ளைகள், மூன்று பிள்ளைகள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். ஹெப்சிபா நோயாளிகள் வரிசைக்கு நடுவே இருந்தார். கண்ணாலேயே உள் அறையைக் காட்டினார். சொக்கநாதன் அங்கிருந்த கணினி முன்னால் உட்கார்ந்தார்.

பழைய கட்டுரை தயாராக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கடல் தாண்டி இருக்கிற பல்கலைக்கழகத்தில் யார் வந்து வடக்குத் தெருவில் விசாரிக்கப் போகிறார்கள்?

புதிதாக எழுதினால் என்ன எழுதுவது? நான் கேட்ட கேள்வி தப்பு, என் கணக்கு தப்பு, என்னால் ஒரு முகாம் தள்ளிப்போனது என்றா? அப்படி எழுதுகிறவனுக்கு எவன் இடம் கொடுப்பான்?

ஏழு ‘வருந்துகிறோம்’ கண் முன்னால் வந்து நின்றன. எட்டாவதை அவரால் தாங்க முடியாது. அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

மணி நாலு.

நாலரை.

அப்புறம் அந்த வரியை அழித்தார். அதற்குக் கீழே இருந்ததையும் அழித்தார். நடந்ததை நடந்தபடி எழுதினார். எண்ணூறு வார்த்தை கேட்டிருந்தார்கள், முந்நூறுதான் வந்தது. நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். 

நோயாளிகள் போனபின் ஹெப்சிபா உள்ளே வந்தார்.

“அனுப்பியாச்சா?”

“ஆச்சு மேடம். கட்டுரை போயிடுச்சு. உங்க கடிதம் இல்லாமத்தான் போயிருக்கு. பரவாயில்லை.”

“கடிதம் பன்னிரண்டு மணிக்கே நேரா அவங்களுக்குப் போயிடுச்சே.”

அவர் கைபேசியை நீட்டினார். ஆங்கிலத்தில் சில வரிகள்தான்.

‘இவர் எங்கள் மக்களிடம் தவறான வார்த்தையில் ஒரு கேள்வி கேட்டார். அதனால் கிடைத்த எண் முழுக்கத் தவறு. அது தெரிந்ததும் ஒவ்வொரு வாசலுக்கும் திரும்பிப் போனார். இதை நான் எழுதும்போதும் ஏதோ ஒரு வாசலில்தான் நிற்கிறார். படிப்பு முடிந்ததும் தயவுசெய்து இவரை எங்களிடம் திருப்பி அனுப்பிவிடுங்கள்.’

சொக்கநாதன் இரண்டு முறை படித்தார். கடைசி வரியை மூன்றாவது முறையும் படித்தார். கண் கலங்கியது. அப்புறம்தான் சட்டென்று உறைத்தது.

“மேடம்... பன்னிரண்டு மணிக்கா? நான் அரை மணி நேரம் பழைய கட்டுரையை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதையே அனுப்பியிருந்தா? அதுல ஒரு கணக்கு, உங்க கடிதத்துல ஒரு கணக்கு. நான் பொய்யன்னு அங்கேயே தெரிஞ்சிருக்குமே. உங்க பேரும் கெட்டிருக்குமே!”

ஹெப்சிபா கைபேசியை வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“அட, ஆமா டாக்டர்” என்றார். “எனக்கு அது தோணவே இல்லை.”