புடலங்காய் நுனியில் கட்டிய கல்

அந்தக் காலத்தில் கொடிகளுக்கும் காய்களுக்கும் வாய் இருந்தது. தங்கள் குறையை அவை நேரிலேயே மனிதரிடம் சொல்லிவிடும். அப்போது கரிசல் ஊர் ஒன்றில் அங்காயி என்றொருத்தி இருந்தாள். புருஷன் இறந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரு குடிசையும் அதன் பின்னால் இருந்த கொல்லையும்தான்.

அந்தக் கொல்லையின்மேல் ஊர்த்தலைவர் முத்திருளனுக்கு ஒரு கண். மாடு கட்ட அவருக்கு இடம் வேண்டியிருந்தது. அடுத்த கோவில் கொடைத் திருவிழாவுக்கு எல்லார் கொல்லையிலிருந்தும் காய் வரவேண்டும், வராத கொல்லையை ஊர் எடுத்துக்கொள்ளும் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். அங்காயி விதை ஊன்றி அறியாதவள் என்பது அவருக்குத் தெரியும்.

அவள் புடலை விதைத்தாள். கொடியைத் தரையிலேயே படரவிட்டாள். மழை பெய்து பிஞ்சுகள் சேற்றில் கிடந்து அழுகின. வேலியில் ஏறித் தப்பிய ஒரே காய் பழுத்தது. அதன் விதையை எடுத்து மறுபடி ஊன்றி, இந்த முறை பருத்திமார்க் குச்சிகளால் பந்தல் போட்டாள். காற்று அதைச் சாய்த்தது. வேலங்கம்பு வெட்டி வந்து, கொடி அறுந்துவிடாமல் தூக்கிக் கட்டினாள். பந்தல் நின்றது. ஆனால் காய்த்த காயெல்லாம் வளையம் வளையமாகச் சுருண்டுகொண்டது. ஆத்திரத்தில் ஒன்றைப் பிடித்து நிமிர்த்தினாள். அது படக்கென்று ஒடிந்தது.

பக்கத்தில் இருந்த காய் பேசியது.

"எங்க அம்மா கூடப்பிறந்தவங்க எல்லாரையும் சேத்துல போட்டு அழுகவச்சவ நீ. அந்த மண்ணைப் பாத்து நான் ஏன் தலையை நீட்டணும்? மாட்டேன்."

அங்காயிக்கு அப்போதுதான் விளங்கியது. தரையில் படரவிட்டது தன் தப்பு, இழுத்து ஒடித்ததும் தன் தப்பு என்று காயிடம் ஒப்புக்கொண்டாள். மண் உன்னைத் தொடாது, பந்தல் அந்த அளவுக்கு உயரம் என்றாள். காய் நம்பவில்லை.

அவள் ஒரு சின்னக் கல்லை எடுத்து, வாழைநாரால் அதன் நுனியில் கட்டினாள்.

"உன் கை இழுத்தா என்ன, கல்லு இழுத்தா என்ன?" என்றது காய்.

"என் கை அவசரப்படும். கல்லுக்கு அவசரம் கிடையாது."

காய் சற்று யோசித்தது. "கல்லு இருக்கிறவரைக்கும்தான் இறங்குவேன். அவுத்தா சுருண்டுக்குவேன்" என்றது. அங்காயி சம்மதித்து, எல்லாக் காய்க்கும் கல் கட்டினாள். காய்கள் மெல்ல மெல்ல இறங்கி, ஆள் உயரத்துக்கு நேராகத் தொங்கின.

கொடைநாள் காலையில் முத்திருளன் மாட்டை ஓட்டிக்கொண்டே வந்தார். காய்களைப் பார்த்ததும் முகம் கறுத்தது. கல் கட்டி வளர்த்த காயை இந்த ஊர் கண்டதில்லை, சாமி பானைக்கு அது ஆகாது என்றார். வேண்டுமானால் கல்லை அவிழ்த்துவிட்டு, முறையாக வளர்த்து அடுத்த கொடைக்குக் கொண்டு வரட்டும், அதுவரை கொல்லை ஊரிடம் இருக்கட்டும் என்றார்.

"அவுக்க மாட்டேன் தலைவரே," என்றாள் அங்காயி. "தப்புத் தப்பாச் செஞ்சு நான் கண்ட வழி இது. சாமிக்கு ஆகாதுன்னா சாமியே சொல்லட்டும்."

கல் கட்டியபடியே காய்களை அறுத்து இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டாள். கற்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட, நடுத்தெரு வழியாகக் கோவிலுக்கு நடந்தாள். சமையல் பெண்கள் தலைவரைப் பார்த்தார்கள், காயைப் பார்த்தார்கள். பிறகு அரிவாள்மனையை எடுத்தார்கள். அந்தக் கூட்டு பந்தி முடியும் முன்பே தீர்ந்துபோனது. முத்திருளன் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.

மறு விதைப்பில் அவர் வீட்டுப் பந்தலிலேயே அவர் மனைவி கல் கட்டினாள்.

அன்று முதல்தான் புடலங்காயின் நுனியில் கல் தொங்குகிறது. கட்டாமல் விட்டால், இன்றைக்கும் அது மண்ணுக்கு முகம் காட்ட மாட்டேன் என்று சுருண்டுகொள்கிறது.