ஒற்றைச் சீருடை

சுனையடிச் சாமியிடம் பூவலிங்கம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்ட நாளைப் பற்றியதே இக்கதை. எனினும் முதல் இரண்டையும் சொல்லாமல் அதனைச் சொல்ல இயலாது.

முதல் முறை கேட்டபோது அவர் பொட்டல்குளம் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் புதிதாக வந்திருந்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பளபளக்கும் உடையில் முன்வரிசையில் அமர்ந்தனர். செங்கல் சூளைப் பிள்ளைகள் கிழிசலைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு பின்சுவரோரம் அமர்ந்தனர். அவர்களை எவரும் அங்கே அமர்த்தவில்லை. தாமாகவே போய் அமர்ந்தனர். அது பூவலிங்கத்தின் உறக்கத்தைக் கெடுத்தது. மலையடிவாரத்து மடத்திற்குச் சென்று சாமியை வணங்கினார்.

"சாமி, பிள்ளைகள் அனைவருக்கும் சீருடை கட்டாயம் என்று சட்டம் செய்யலாமா?"

மடத்து முற்றத்தில் ஒரு கொடி கட்டியிருந்தது. ஒன்பது சீடர்களின் மாற்றுத் துணிகள் அதில் காய்ந்துகொண்டிருந்தன. சாமி அவற்றைக் காட்டினார்.

"இவற்றுள் பண்ணையார் மகனுடையது எது? மாடு மேய்த்தவனுடையது எது?"

"தெரியவில்லை, சாமி."

"பிறகென்ன? உடம்பு பல, உடுப்பு ஒன்றாகட்டும்."

பூவலிங்கம் காலில் விழுந்து எழுந்தார். அடுத்த வாரமே சீருடைச் சட்டம் வந்தது. சாமியின் சொற்கள் பள்ளியின் மதிலில் முழ நீள எழுத்துகளில் நீல வண்ணத்தில் தீட்டப்பட்டன. பதினெட்டு ஆண்டுகள் அச்சட்டத்திற்கு ஒரு குறையும் வரவில்லை. வந்த குறைகள் தலைமையாசிரியர் அறைவரை வரவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

பத்தொன்பதாம் ஆண்டின் ஐப்பசியில் மழை ஏழு நாள் விடாமல் பெய்தது. திங்கட்கிழமை காலையில் பத்தாம் வகுப்பு மாணவி முப்பிடாதி, நிறம் மங்கிய பச்சைப் பாவாடையும் தோளில் தையல் விட்ட சட்டையுமாக வாயிலில் வந்து நின்றாள். பிரார்த்தனை தொடங்கியிருந்தது. பூவலிங்கம் அவளைத் தடுத்தார்.

"சீருடை எங்கே?"

"காயல சார்."

"சட்டம் தெரியுமா?"

"தெரியும் சார்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் மழையில் திரும்பிச் சென்றாள். செவ்வாய் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. பள்ளியிலேயே கணக்கில் முதலாவதாக வருகிறவள் அவள். பூவலிங்கத்திற்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மடத்திற்குச் சென்று, நடந்ததைச் சொல்லி, இரண்டாம் முறையாகக் கேட்டார்.

"சாமி, சீருடை வேண்டுமா, வேண்டாமா?"

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நாலு முழத் துணியில் இருப்பவனிடம் சட்டையைப் பற்றிக் கேட்கிறாயே, வாத்தியாரே!" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "பிள்ளையை வாசலில் நிறுத்துகிற துணி எதற்கு? எடுத்துவிடு."

அருகிலிருந்த சீடர் ஒருவர் அதனை ஏட்டில் எழுதிக்கொண்டார். பூவலிங்கம் காலில் விழுந்து எழுந்தார். திங்கட்கிழமை, இனி எவரும் எவ்வுடையிலும் வரலாம் என்று அறிவித்தார். பிள்ளைகள் கூச்சலிட்டுக் கைதட்டினர். மதிலின் பழைய எழுத்துகளின்மீது சுண்ணாம்பு பூசப்பட்டு, புதிய சொற்கள் தீட்டப்பட்டன.

அதன்பின் ஒரு மாதம் கழிந்தது. மூன்றாம் முறை கேட்ட நாள் ஒரு புதன்கிழமை.

அன்று முற்பகல் பதினொரு மணிக்குப் பூவலிங்கம் மடத்தில் வந்து இறங்கினார். அவருடைய மொபெட்டின் சக்கரம் முழுதும் சேறு. சாமி கிணற்றடியில் நின்றார்.

"இன்று பள்ளி உண்டல்லவா?"

"உண்டு, சாமி. என்னால் அங்கே இருக்க முடியவில்லை. தாங்கள் சொன்னபடியே செய்தேன். அந்தப் பெண் மறுநாளே வந்தாள்."

"நல்லது."

"சீருடையில் வந்தாள், சாமி."

சாமி வாளியைக் கீழே வைத்தார்.

"மற்றவர்கள் ஆளுக்கொரு நிறத்தில் வந்தார்கள். அவள் அன்றும் சீருடை, மறுநாளும் சீருடை. அவளைப் போல இன்னும் பத்துப் பேர். மொத்தம் பதினொருவர். பதினெட்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியாதிருந்தது ஒரே வாரத்தில் முழுப் பள்ளிக்கும் தெரிந்துவிட்டது. 'ஏட்டி, ஒனக்கு மட்டும் சட்டம் இன்னும் எடுக்கலையோ?' என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பெயரே யூனிபார்ம் என்றாகிவிட்டது. பத்து நாளாக வரவில்லை."

"சரி."

"இன்று காலை பள்ளிக் காவலாளி சொன்னார். வடக்கே ஏதோ ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறாளாம். இரண்டு மணிக்கு வேன் வருகிறதாம். சொல்லுங்கள் சாமி, சீருடை வேண்டுமா, வேண்டாமா? தாங்கள் ஒரு சொல் சொன்னால் இன்றே திருத்திவிடுவேன்."

"அவள் வீடு எங்கே?"

"பள்ளிக்குப் பின்தெரு என்று காவலாளி சொன்னார்."

"இங்கிருந்து உன் பள்ளி எவ்வளவு தூரம்?"

"இருபது கல் இருக்கும், சாமி."

சாமி அவரை உற்றுப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று பூவலிங்கம் எதிர்பார்த்தார்; சாமி கோபிக்கவில்லை. துவைத்த மாற்றுத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, மொபெட்டின் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.

"ஓட்டு."

முப்பிடாதியின் வீடு பள்ளி மதிலை ஒட்டியே இருந்தது. அவளுடைய தாய் பேச்சியம்மாள் வாசலில் அமர்ந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இருவரையும் கண்டதும் முறத்தை இறக்கினார், எழவில்லை.

"வாங்க சார். சாமியையும் கூட்டிட்டு வந்திருக்கீய. ஆசீர்வாதம் பண்ணவா?"

"முப்பிடாதி இருக்கிறாளா, அம்மா?"

"இருக்கா. வேன் வந்தா இருக்க மாட்டா."

"அனுப்பாதீர்கள். நான்கு மாதத்தில் தேர்வு வருகிறது."

"நான் எங்க சார் அனுப்புதேன்? அவதான் போறேங்கா. மூணு நாளா அழுது பாத்துட்டேன். அழுதா பீடி நனையுது, அம்புட்டுதான்."

"எனக்கு இவையெல்லாம் தெரியாதம்மா. அவளிடம் ஒரே சீருடைதான் உண்டென்று எவருமே சொல்லவில்லை."

பேச்சியம்மாள் மதிலுக்கும் கூரைக்கும் இடையே கட்டியிருந்த கொடியைக் காட்டினார்.

"ஒங்க செவுத்துலதான் சார் ஆணி அடிச்சிருக்கேன். ஒங்க ரூம் ஜன்னலத் தெறந்தா இந்தக் கொடி தெரியும். அந்தத் திங்கக்கெழம அவ யூனிபார்ம் இதுலதான் சொட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அடுப்புக்கு மேல காட்டுனேன், பொகை வாடை அடிக்கும்னா. சரி, வேற இல்லையான்னு கேட்டா சொல்லிக்கிடலாம்னு போனா. நீங்க கேக்கல."

பூவலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய அறையின் ஜன்னல் அங்கே தெரிந்தது. வெயில் படும் என்பதால் அது எப்போதும் சாத்தியிருக்கும்.

அப்போது முப்பிடாதி வெளியே வந்தாள். சீருடையில் இருந்தாள். சாம்பல் நிறச் சுடிதார் மடிப்புக் கலையாமல் தேய்க்கப்பட்டிருந்தது. தலையை இரட்டைச் சடையாகப் பின்னி ரிப்பன் கட்டியிருந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது.

பூவலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"பள்ளிக்குத்தான் புறப்பட்டாயா, அம்மா?"

"இல்ல சார். மில்லுக்கு. ஊருக்குப் போட்டுட்டுப் போக நல்லது இது ஒண்ணுதான் இருக்கு."



"நாளை முதல் அனைவரும் சீருடையில்தான் வர வேண்டும் என்று அறிவிக்கிறேன்," என்றார் பூவலிங்கம். "நீ வந்துவிடு. எவரும் உன்னை எதுவும் சொல்ல மாட்டார்கள்."

"வேண்டாம் சார். என்னாலதான் கலர் டிரெஸ் போச்சுன்னு சொல்வாவ."

"எவ்வுடையிலும் வரலாம் என்பது அப்படியே இருக்கட்டும். நானே உனக்கு நான்கு புதுச் சுடிதார் எடுத்துத் தருகிறேன்."

"சார் எடுத்துக் குடுத்ததுன்னு சொல்வாவ."

"எவருக்கும் தெரியாமல்."

"எங்க கொடியில காயுமே சார்."

பேச்சியம்மாள் சிரித்துவிட்டார். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

சாமி அவளருகே வந்து மண்ணில் அமர்ந்தார்.

"மகளே, சீருடை இருப்பது நல்லதா, இல்லாதது நல்லதா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சாமி. சட்டம் இருந்தப்ப வெளிய நின்னேன். எடுத்தப்புறம் உள்ள நின்னேன். எல்லாரும் பாக்கதுக்கு நிக்கது நாந்தான்."

"ஆலையில்?"

"அங்கயும் யூனிபார்ம்தான். கோட்டும் தொப்பியும். ஆனா சேந்த அன்னைக்கே ரெண்டு செட்டு குடுத்துருவாவளாம்."

"இரண்டா?"

"ஆமா சாமி. ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு கொடியில."

சாமி தம் தோளில் கிடந்த மாற்றுத் துணியைக் கையால் தொட்டார். வழி நெடுகக் காற்றில் அது உலர்ந்திருந்தது.

வேன் இரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டது. அதில் ஏற்கெனவே ஆறு பெண்கள் இருந்தனர். ஓட்டுநர் இறங்காமலே ஒலிப்பானை அழுத்தினார். முப்பிடாதி தாயைக் கூப்பிட்டாள். உள்ளிருந்து, "போயிட்டு வாட்டி, நான் பாக்கல," என்று குரல் மட்டும் வந்தது.

அவள் பூவலிங்கத்திடம் திரும்பினாள்.

"சார், எங் கணக்கு நோட்டு டீச்சர் ரூம்ல இருக்கு. பாதிக்கு மேல எழுதாமத்தான் இருக்கு. என்ன மாதிரி இருக்க பத்துப் பேர்ல யாருக்காவது குடுத்துருங்க."

"முப்பிடாதி..."

"பேரு எழுதுன மொதப் பக்கத்தக் கிழிச்சுட்டுக் குடுங்க சார்."

வேனின் கதவு முதல் முறையில் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை ஓங்கி இழுத்ததும் சாத்திக்கொண்டது. வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. பள்ளியில் பிற்பகல் வகுப்புக்கான மணி அடித்தது. மதிலுக்கு அப்பால் பிள்ளைகள் ஓடும் ஓசையும், எவனோ ஒருவன் எவளையோ கேலி செய்து சிரிக்கும் ஓசையும் கேட்டன.

பூவலிங்கம் அந்தத் தெருவிலேயே, சேறென்றும் பாராமல், சாமியின் காலில் விழுந்தார்.

"சாமி, ஒருத்தி போய்விட்டாள். இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். நாளைக் காலை பிரார்த்தனையில் நான் ஏதேனும் ஒன்றை அறிவித்தாக வேண்டும். சீருடை வேண்டுமா, வேண்டாமா? இப்போதாவது சரியானதைச் சொல்லுங்கள்."

"அந்தப் பத்துப் பேரும் இன்று வந்திருக்கிறார்களா?"

"தெரியவில்லை, சாமி. காவலாளி சொன்னதும் தங்களைத் தேடி வந்துவிட்டேன்."

சாமி அவரைத் தூக்கவில்லை. மதிலில் கை ஊன்றிக்கொண்டார்.

"நீ முதல் முறை கேட்டபோதே நான் சரியானதைச் சொல்லியிருக்க வேண்டும், பூவலிங்கம். இரண்டாம் முறையும் அதையே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறையும் எனக்கு வாய் வரவில்லை."

"அதை இப்போது சொல்லுங்கள், சாமி."

"எனக்குத் தெரியாது என்பதுதான் அது."