பதினேழாவது குழாய்

எலும்பு வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொற்கொடி மேடம்தான் குரு. அவரிடம் கடைசியாக வந்து சேர்ந்த சீடன் அன்சாரி.

முட்டிக்குள் மெத்தை மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறதல்லவா, அது தேயத் தேய அதன் துகள் ரத்தத்தில் கலக்குமாம். அதை அளந்தே முட்டி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் அன்சாரியின் ஆராய்ச்சி. நோயாளிகள் ரத்தம் ஒரு வரிசை. ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல முட்டி உள்ள ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தம் இன்னொரு வரிசை. குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

ஒரு மத்தியானம் மேடத்தின் அறைக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னப்பா, கேன்டீன்ல சாப்பாடு தீர்ந்துடுச்சா?”

“என் ஆராய்ச்சியே தீர்ந்துடும் போல மேடம். நல்ல முட்டி வரிசையில ஒரு குழாய் எல்லாத்தையும் கெடுக்குது. நோயாளிங்க யாருக்கும் துகள் இவ்வளவு ஏறல.”

“மறுபடி பாத்தியா?”

“பாத்தேன். அதேதான். நாளைக்கு ஆராய்ச்சியைச் சரிபாக்குற குழு முன்னாடி நிக்கணும். இந்த ஒண்ணை வச்சே உன் பரிசோதனை பொய்னு சிரிப்பாங்க. தூக்கிப் போட்டுடவா?”

“எந்தக் குழாய்?”

“பதினேழு.”

ரத்தம் கொடுத்த அன்று குழாயில் பார்த்த எண் மேடத்துக்கு நினைவிருந்தது.

“அது என் ரத்தம்.”

அன்சாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விளையாடாதீங்க மேடம். உங்க வேகத்துக்கு எங்களால வார்டு சுத்த முடியல. அது உங்க ரத்தம்னா என் பரிசோதனை நிச்சயமா பொய்தான்.”

“அப்ப புதுசா எடுத்துப் பாரு.”

நோயாளிகள் உட்காரும் குட்டை முக்காலியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். அன்சாரி ரத்தம் எடுத்தான். பஞ்சை வைத்து அழுத்தினான்.

அவர் கையை மடக்கவில்லை.

“முடிஞ்சுது மேடம்.”

“தெரியும். தூக்கி விடு.”

ஒரு கையால் பிடித்தான். போதவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். மேடத்தின் முட்டிகள் நெரிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. நின்ற பிறகும் மேடம் அவன் தோளை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“குழுகிட்ட உள்ளதைச் சொல்லு. பரிசோதனை சரி, அந்தக் குழாயை வச்ச வரிசைதான் தப்புன்னு.”

பரிசோதனை தப்பிப் பிழைத்துவிட்டது. அன்சாரிக்குச் சந்தோஷம் வரவில்லை.

“ஏன் மேடம் எங்ககிட்ட சொல்லவே இல்ல?”

“வலிக்குதான்னு கேக்காமலே நல்ல முட்டியில சேத்துக்கிட்டே. சரி, பிள்ளை அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் வீட்டில் அவர் மட்டும்தான். அது அன்சாரிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான்.

“வீட்ல யாரு மேடம் தூக்கி விடுவாங்க?”

“உக்காந்தாத்தானேப்பா எந்திரிக்கணும்.”