எழுநூறு அடி

விமானம் எவ்வளவு தாழ்ந்து வரலாம் என்பதை மலையும் மேகமும் மட்டுமே தீர்மானிக்கின்றன என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையேகூட நிலவுகிறது. கனத்த மனத்துடன் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. வருகிறவரின் வேகத்துக்கும் அதில் பங்குண்டு.

கேப்டன் அருமைநாயகம் இருபது ஆண்டுகள் பெரிய ஜெட்களை ஓட்டியவர். இப்போது பதினெட்டு இருக்கைச் சிறு விமானத்தில் ஒரு மலையூருக்குப் பறக்க வேண்டும். தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவதும் போனால் வேலை போய்விடும். பயிற்றுநர் ஃபர்ஹானா அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

தேர்வு சிமுலேட்டரில் நடந்தது. மேகத்துக்கு அடியில் வந்து, ஓடுதளத்தைப் பார்த்தபடியே வட்டமடித்து, மறுமுனையில் இறங்க வேண்டும். நூற்று முப்பத்தைந்து நாட் வேகத்துக்குள் வட்டமடிப்பவர் எழுநூறு அடிவரை தாழலாம். வேகம் அதைத் தாண்டினால் ஆயிரம் அடிக்குக் கீழே வரக் கூடாது.

அருமைநாயகம் ஜெட் பழக்கத்தில் நூற்றைம்பதில் வந்தார். எழுநூற்றுக்குத் தாழ்ந்தார். ஓடுதளம் தெரிந்தது. திரும்பினார். தோல்வி என்று திரை சிவந்து நின்றது.

ஒரு சுற்று மட்டும் மறுபடி பறக்க விதியில் இடமிருந்தது. அதற்கு முன் அவருக்கு ஒரு நியாயம் தெரிய வேண்டியிருந்தது.

“மலை ஒண்ணு, மேகம் ஒண்ணு. மெதுவா வர்றவனுக்கு எழுநூறு, எனக்கு ஆயிரமா மேடம்?”

ஃபர்ஹானா வரைபடத்தை மேசையில் விரித்தார். இரண்டு வேகத்துக்கும் வட்டத்தை வரையச் சொன்னார். முதல் வட்டம் மலைக்கு இப்பாலேயே திரும்பிவிட்டது. நூற்றைம்பதுக்கான வட்டம் அகன்றுபோய் மலையின் மேல் ஏறி இறங்கியது.

“ஓடுதளம் என் கண்ணுக்குத் தெரிஞ்சுதே,” என்றார் அருமைநாயகம்.

ஃபர்ஹானா பென்சில் டப்பாவில் தேடி, ஒரு ரப்பரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“மலையை அழிச்சிடுங்க கேப்டன். எழுநூறையே வச்சுக்கலாம்.”

அவர் ரப்பரை எடுத்து டப்பாவுக்குள்ளேயே போட்டார். பிறகு எழுந்துபோய், நூற்று முப்பதில் வட்டமடித்து இறங்கினார்.

நான்கு மாதம் கழித்து மலையூரில் காற்று தாறுமாறாக வீசியது. வேகத்தைக் குறைக்க வழியில்லை. அருமைநாயகம் ஆயிரம் அடிவரை தாழ்ந்தார். வெள்ளை மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எழுநூற்றில் தெரிந்திருக்கும் என்று துணை விமானி மெல்லச் சொன்னார். அருமைநாயகம் விமானத்தை மேலே ஏற்றி, புறப்பட்ட ஊருக்கே திருப்பினார்.

பயணிகள் பஸ்ஸில் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஃபர்ஹானா, மலையூரில் நடந்த தன் தங்கையின் நிக்காஹ்வுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிரியாணி தீர்ந்திருந்தது.