அடையாளம் சொல்லிக் கூட்டிட்டுப் போகவும்

எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல மைக் பிடிக்கிறவன் வெயிலுமுத்து. கூட்டத்துல பிள்ளைங்க தொலைஞ்சா அவன்தான் அறிவிப்பான்.

ஓட்டு வாங்கிட்டுப் போன எம்.எல்.ஏ. மணவாளன், அடுத்த தேர்தல் வரவும் இந்தக் கொடைக்கு வந்து இறங்கினாரு. இடையில ஓடைப் பாலம் இடிஞ்சுது. வெயிலுமுத்துவோட அக்காளைப் பிரசவ வலியோட தண்ணிக்குள்ள கட்டில்ல தூக்கிட்டுப் போனோம். அக்கரை சேரும் முன்னால உசிரு போயிட்டுது. அந்த ஆளு எட்டிக்கூடப் பார்க்கலை.

இப்ப வந்து அதிகாரம் பண்ணுதாரு: "ஏல, நான் யாரு, என்ன சேவை செஞ்சேன்னு மைக்ல சொல்லு. கூட்டம் மொத்தமும் என்னையே திரும்பிப் பார்க்கணும். இல்லேன்னா உன் மைக் செட்டு ஸ்டேஷனுக்குப் போயிரும்."

"பார்க்க வச்சிருதேன் அண்ணாச்சி"ன்னு வெயிலுமுத்து மைக்கை எடுத்தான்.

"பொதுமக்கள் கவனத்துக்கு! வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வயசு அறுபது இருக்கும். பேரு மணவாளன்னு சொல்லுதாரு. எம்.எல்.ஏ.ன்னும் சொல்லுதாரு. அஞ்சு வருஷமாக் காணாமப் போனவரு, இப்பதான் கிடைச்சிருக்காரு. மேடைப் பக்கம் பத்திரமா நிக்க வச்சிருக்கோம். உரியவங்க வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிட்டுப் போகவும்!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்துது. அவரு கேட்டதும் அதுதானே!

அன்னைக்குத் தொலைஞ்ச பிள்ளைகளை எல்லாம் பெத்தவங்க ஓடி வந்து வாங்கிட்டுப் போனாங்க. இந்த ஆளை மட்டும், பந்தல் பிரிக்கிற வரைக்கும், "எங்க ஆளு"ன்னு ஒருத்தரும் வந்து கேக்கலை.