ஓரங்கட்டத் தெரியாத ரயிலோட்டி

"எல்லாம் வருது டீச்சர். ஓரங்கட்டி நிறுத்துறது மட்டும் வரல" என்றார் கோதண்டபாணி.

அவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கார் ஓட்டக் கற்பித்த ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தேழு.

"போன தடவை என்ன ஆச்சு சார்?"

"இன்ஸ்பெக்டர் பக்கத்துல உட்கார்ந்து, இடது பக்கமா நிறுத்துங்கன்னார். நிறுத்த ஒரு இடம் தேடினேன். அரை கிலோமீட்டர் போயிட்டேன்."

"அப்புறம்?"

"கிடைச்சுது. அழகா நிறுத்தினேன்."

"எங்கே?"

"பஸ் ஸ்டாப்புல."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சிரிப்பு வந்துவிடாமலிருக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அங்கே நிறுத்தக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும். ஆனா, அந்த ரோட்டுல அது ஒண்ணுதான் என்னை வான்னு கூப்பிட்டுது."

இருமுறை தவறியாயிற்று. வெள்ளிக்கிழமை மூன்றாம் தேர்வு. அதிலும் தவறினால், அடுத்த தேர்வு வருவதற்குள் கையிலுள்ள எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் காலாவதியாகிவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் மனைவி செண்பகவல்லிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. திரும்பும் வழியில் அவருக்குத் தலை சுற்றும். சற்றே நிறுத்தும்படி கேட்பார். பேருந்து நிற்காது.

"சிக்னல் இல்லாத இடத்துல ரயிலை நிறுத்தினா என்ன செய்வாங்க சார்?"

"காரணம் எழுதிக் குடுக்கச் சொல்வாங்க."

"நீங்க எத்தனை தடவை குடுத்திருக்கீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல." சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்தது.

ஜெசிந்தா அந்த நிமிர்ந்த முதுகைச் சிறிது நேரம் பார்த்தார்.

"நாளைக் காலையில வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

*

மறுநாள் ஏரிக்கரைச் சாலை பனிக்குள் கிடந்தது.

மரங்கள் புகையாய் நின்றன. அருகே வந்ததும் மரமாயின. கடந்ததும் மீண்டும் புகையாயின. ஏரி எங்கே முடிந்தது, வானம் எங்கே தொடங்கியது என்று சொல்ல யாரும் இல்லை. கார், ஓடுவதுபோல் அல்லாமல் மிதப்பதுபோல் மெல்லச் சென்றது.

ஜெசிந்தா இடப்பக்க இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். வழி சொல்லவில்லை. வேகம் சொல்லவில்லை.

"ஏங்க, நிறுத்துங்க" என்றார் பின்னிருக்கையிலிருந்த செண்பகவல்லி.

கோதண்டபாணி கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டரைப் போட்டார். இடப்பக்கச் சக்கரங்கள் தார்ச்சாலையை விட்டிறங்கி மண்ணைத் தொட்டன. கார் நின்றது.

பதறித் திரும்பினார்.

"மயக்கமா?"

"இல்ல."

"குமட்டுதா?"

"இல்லையே."

"பின்ன எதுக்கு நிறுத்தச் சொன்னே?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"ஏன், பக்கத்துல ஸ்டேஷன் இருக்கான்னு பாக்குறீங்களா? ஊரையெல்லாம் ஏத்திட்டுப் போய் இறக்கி விட்டீங்க. என்னை ஒரு நாள், ஒரு இடத்துல, சும்மா நிறுத்தியிருக்கீங்களா?"

 

ஜெசிந்தா கைப்பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எழுதிக் குடுங்க சார்."

"என்னத்தை?"

"நிறுத்தின காரணத்தை."

அவர் நோட்டை ஸ்டியரிங்கின்மேல் விரித்தார். தேதியை எழுதினார். நேரத்தை எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

இன்ஜினை அணைத்தார்.

செண்பகவல்லி ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பனி உள்ளே வந்து மூவருக்கும் நடுவே அமர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத நீரில் ஏதோ ஒரு பறவை ஒரு முறை மூழ்கி எழுந்தது. பிறகு அந்த ஓசையும் இல்லை.

நேரம் போயிற்றா, நின்றதா என்று கோதண்டபாணி கவனிக்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தார்.

"போலாமா?" என்றார் செண்பகவல்லி.

"கொஞ்சம் இரு" என்றார் கோதண்டபாணி.

*

வெள்ளிக்கிழமை. வெயில். மரமோ கடையோ இல்லாத நீண்ட சாலை. மடியில் படிவத்தோடு பக்கத்தில் அமர்ந்திருந்த ஆய்வாளர், தலை நிமிராமலே சொன்னார்:

"இடது பக்கமா ஓரங்கட்டுங்க."

கார் ஓரங்கட்டி நின்றது.

இவ்வளவு விரைவில் நிற்கும் என்று ஆய்வாளர் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்து கீழே பார்த்தார். சக்கரம் ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளி, கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. படிவத்தில் கையெழுத்திட்டார். பிறகு முன்னும் பின்னும் பார்த்தார், வெறுஞ்சாலை.

"போன தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போனவராச்சே! இங்கே என்ன இருக்குன்னு நிறுத்தினீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி, கோதண்டபாணி கைப்பிரேக்கை இழுத்தார்.