சிங்கக்கால் அடுப்பு

வெண்பாறை நாட்டை ஆண்ட விசயகேசரி மன்னர் போரில் தோற்றதை மறந்துவிடுவார். விருந்தில் தோற்றதை மட்டும் மறக்கவே மாட்டார். அப்படியொரு தோல்விதான் அந்த ஐப்பசியில் அவருக்கு நேர்ந்தது.

ஆற்றங்கரையில் அண்டை நாட்டுத் தூதருக்கு விருந்து. அதற்கென்றே அங்கே இறைச்சி வாட்டும் பெரிய இரும்பு அடுப்பு ஒன்று உண்டு. நான்கு கால், கரி கொட்ட ஒரு தொட்டி, மேலே கம்பி வரிசை. முழு ஆட்டுக்கிடா பொன்னிறமாகத் திரும்பும் நேரம் பார்த்து ஒரு கால் ஒடிந்தது. கிடா சாம்பலில் புரண்டது. தூதர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அதை மன்னர் பார்த்துவிட்டார்.

மறுநாள் சபையில் அவர் சொன்னார். “மூன்று வருஷம்கூடத் தாங்காத அடுப்பைச் செய்த கொல்லர் பூவலிங்கம் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும். எனக்கு ஆயுசுக்கும் நிற்கிற அடுப்பு ஒன்று வேண்டும்.”

அரசவை விகடர் கொழுந்தப்பனுக்கு மனசு கேட்கவில்லை. விருந்தில் அவரும் இருந்தார். கிடாவில் பாதி அவர் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டியது என்பது வேறு வருத்தம். மழை நாட்களில் ஆற்றோரம் போகும்போதெல்லாம் அந்த அடுப்பு தொட்டி நிறையத் தண்ணீரும் சாம்பலுமாக நனைந்து நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு தவளை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

“அரசே, புது அடுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள். பூவலிங்கமும் ஒன்று செய்யட்டும். அதுவும் தோற்றால் அவரோடு நானும் மூட்டை கட்டுகிறேன்” என்றார்.

“சொன்ன சொல் மாறாதே, கொழுந்தப்பா” என்றார் மன்னர்.

இதைக் கேட்டு மகிழ்ந்தவர் உக்கிராண அதிகாரி மல்லப்பர். அரண்மனைச் சாமான்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. பொறுப்பு அவருடையது, வேலை யாருடையது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கொழுந்தப்பன் ஊரைவிட்டுப் போனால் சபையில் தன்னைக் கிண்டல் செய்ய ஆளிருக்காது என்று அவருக்கு ஆசை. தன் மைத்துனரிடம் ஓர் அடுப்புக்குச் சொல்லி அனுப்பினார்.

பதினைந்தாம் நாள் இரண்டும் சபைக்கு வந்தன. மைத்துனர் அடுப்பு கண்ணாடி மாதிரி மின்னியது. கால் நான்கும் நிற்கும் சிங்கங்கள், கைப்பிடியில் தாமரை. பூவலிங்கத்தின் அடுப்பைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. கறுத்துத் தடித்து, எருமை படுத்திருப்பதுபோல் இருந்தது.

மன்னரின் கண் சிங்கத்தைவிட்டு நகரவில்லை. பூவலிங்கம் தன் அடுப்பின் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

“இதில் முழுக் காட்டுப்பன்றியையே கிடத்தலாம், அரசே” என்றார் மல்லப்பர்.

கொழுந்தப்பன் சிங்கங்களை ஒருமுறை சுற்றிவந்தார். ஒரு காலை விரல் நுனியால் தட்டினார். தகரச் சத்தம் வந்தது.

“காட்டுப்பன்றி என்ன எடை இருக்கும், மல்லப்பரே?”

“இரண்டு ஆள் எடை.”

“அப்படியானால் ஒரு ஆள் எம்மாத்திரம். தாங்களே சற்று உட்கார்ந்து காட்டுங்கள்.”

“இறைச்சி வாட்டுகிற இடத்தில் மனிதர் உட்காருவது முறையா?”

“நெருப்பு மூட்டப் போவதில்லையே” என்றார் கொழுந்தப்பன் பணிவாக.

“உட்காரும்” என்றார் மன்னர்.

மல்லப்பர் கம்பிமேல் முட்டையை வைப்பதுபோல் தன்னை வைத்தார். அடுப்பு அசையவில்லை. அவர் முகத்தில் நிம்மதி வந்தது.

“பாதத்தையும் தூக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பன்றியும் தரையில் கால் ஊன்றிக்கொண்டு வேகாது” என்றார் கொழுந்தப்பன்.

மல்லப்பர் மன்னரைப் பார்த்தார். மன்னர் தலையசைத்தார். வேறு வழியில்லாமல் காலைத் தூக்கினார். முன்னங்கால் சிங்கங்கள் இரண்டும் மெதுவாக மண்டியிட்டன. பின்னவையும் யோசித்துவிட்டு அப்படியே செய்தன. மல்லப்பர் தரைக்கு வந்து சேர்ந்தார்.

“அரசே, சிங்கங்கள் தங்களை வணங்குகின்றன” என்றார் கொழுந்தப்பன்.

அடுத்து அவரும் பூவலிங்கமும் சேர்ந்து கறுப்பு அடுப்பின்மேல் ஏறி நின்றார்கள். அது முனகக்கூட இல்லை.

மன்னர் சமாதானமாகவில்லை. “இவர் செய்த பழைய அடுப்பும் இப்படித்தான் தடியாக வந்தது. அது ஏன் ஒடிந்தது?”

கொழுந்தப்பன் இறங்கிப்போய், துணியில் சுற்றி வைத்திருந்த பழைய காலை எடுத்துவந்து மன்னர் கையில் கொடுத்தார். மேற்பாதி கட்டை விரல் தடிமன். சாம்பலும் தண்ணீரும் வழிந்து இறங்கிய கீழ்ப்பாதி, மன்னர் கை பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது.

“விருந்து முடிந்தால் சாம்பலை அள்ள வேண்டும், கம்பியைத் தேய்த்து எண்ணெய் தடவ வேண்டும், மழைக்கு உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மூன்று மழைக்காலமும் அது வெளியிலேயே நின்றது, அரசே. இரும்பு என்ன செய்யும்?”

“அதெல்லாம் யார் பொறுப்பு?” என்றார் மன்னர். கேட்டுவிட்டு அவரே மல்லப்பரைப் பார்த்தார். மல்லப்பர் இன்னும் தரையில்தான் இருந்தார்.

பூவலிங்கத்தின் தண்டனை அங்கேயே நீங்கியது. மன்னர் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டார். இனி ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் அடுப்பைத் தேய்த்து, எண்ணெய் தடவி, ஆள் வைத்துத் தூக்கி உள்ளே சேர்ப்பது மல்லப்பரின் வேலை, தேய்ப்பதும் தடவுவதும் அவருடைய சொந்தக் கையால் என்று ஆணை எழுதப்பட்டது.

முத்திரை வைக்கும்போது மன்னருக்குக் கடைசியாக ஒரு சந்தேகம். “கொழுந்தப்பா, ஒளிக்காமல் சொல். இந்த அடுப்பு எத்தனை வருஷம் உழைக்கும்?”

கொழுந்தப்பன் மல்லப்பரின் மெத்தென்ற கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மல்லப்பர் எத்தனை வருஷம் உழைக்கிறாரோ, அத்தனை வருஷம் அதுவும் உழைக்கும், அரசே.”